உண்ணி மருந்து ஏன் வேலை செய்யவில்லை? அறிகுறி பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

ஏற்காடு மலையிலும் சரி, கீழே ஓமலூர், வாழப்பாடி, தாரமங்கலம் பக்கமும் சரி, மாடு வைத்திருப்பவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "மருந்து அடிச்சோம், உண்ணி போகல." இந்த ஒரு வரிக்குள் பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அளவு குறைந்திருக்கலாம், தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், மருந்து படாத இடம் இருக்கலாம், புல்லிலிருந்து புது உண்ணி ஏறியிருக்கலாம், உண்ணியின் நரம்பே மாறிப்போயிருக்கலாம். கடையில் போய் "வேற மருந்து குடுங்க" என்று கேட்பதற்கு முன் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயரை மாற்றி அதே வகை மருந்தையே வாங்கி வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். அந்த மருந்து உண்ணியின் உடம்பில் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், ஃப்ளூமெத்ரின் மூன்றும் ஒரே குடும்பம், பைரித்ராய்டு. மூன்றும் பிடிப்பது நரம்பிழையில் உள்ள சோடியம் வாயிலை. நரம்பில் சேதி ஓடும்போது இந்த வாயில் திறந்து மில்லி விநாடிகளில் மூடிவிட வேண்டும். மருந்து அதை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். உண்ணி துடித்து, செயலிழந்து சாகும்.

அமிட்ராஸ் வேறு வகை. அது பிடிப்பது ஆக்டோபமைன் என்ற நரம்புச் சேதிப்பொருளை வாங்கும் இடத்தை, அதாவது ஆக்டோபமைன் ஏற்பியை. நமக்கு நார்அட்ரினலின் செய்யும் வேலையில் பெரும்பகுதியை உண்ணிக்கும் பூச்சிக்கும் ஆக்டோபமைன் செய்கிறது. ஏற்பி ஓயாமல் தூண்டப்பட்டால் உண்ணி நிலைகொள்ளாமல் தவித்துக் கடியை விட்டுவிடும்.

ஐவர்மெக்டின் போய் உட்காருவது குளுட்டமேட்டால் திறக்கும் குளோரைடு வாயிலில். இந்த வாயில் முதுகெலும்பில்லாத உயிர்களுக்கே உண்டு, மாட்டுக்குக் கிடையாது. வாயில் திறந்தே கிடப்பதால் நரம்பும் தசையும் தளர்ந்து, உண்ணியால் இரத்தம் உறிஞ்ச முடியாமல் போகும்.

மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அசிட்டைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதியை முடக்குபவை. ஃபிப்ரோனில் காபா குளோரைடு வாயிலை அடைக்கிறது. இங்கே அது பெரும்பாலும் நாய்க்கான மருந்து, கறவை மாட்டுக்கு வேண்டாம்.

தோட்டத்துக்கு வாங்கிய இமிடாகுளோப்ரிட் மிச்சமிருக்கிறதே என்று மாட்டின் மேல் அடிக்கிறவர்களும் உண்டு. அது நிகோட்டின் ஏற்பியைப் பிடிக்கும் மருந்து. தெள்ளுப்பூச்சியைக் கொல்லும், உண்ணியைக் கொல்லாது. உண்ணி பூச்சியினமே இல்லை. எட்டுக் கால் கொண்ட, சிலந்திக்கு உறவான உயிர் அது. பூச்சிக்கு வேலை செய்வதெல்லாம் இதற்கும் செய்யும் என்று நினைக்கக் கூடாது.

அறிகுறி 1: அடித்து இரண்டு நாள் ஆகியும் சில இடங்களில் மட்டும் உண்ணி

முதுகிலும் விலாவிலும் இல்லை. காது மடலுக்குள், வாலடியில், மடிக்கும் தொடைக்கும் இடையில், கழுத்துத் தொங்குசதை மடிப்பில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் மருந்து நன்றாகவே இருக்கிறது. அந்த இடத்தில் படவில்லை, அவ்வளவுதான்.

ஒரு முழு மாட்டுக்கு மூன்று நான்கு லிட்டர் கலவை வேண்டும். முடி நனைந்து வயிற்றடியில் சொட்ட வேண்டும். ஒரு லிட்டரை முதுகில் ஊற்றித் துணியால் துடைத்துவிட்டால் பாதி உடம்புகூட நனையாது. முடி படிந்திருக்கும் திசைக்கு எதிராக, கீழிருந்து மேலாகத் தெளியுங்கள். காதுக்குள் தெளிக்காமல், கலவையில் நனைத்த துணியால் மடலின் உட்பக்கம் தடவுங்கள். கண்ணிலும் மூக்கிலும் படக்கூடாது. வால் குஞ்சத்தைக் கலவையில் முக்கி எடுங்கள். மடியில் அடிப்பது கறந்த பிறகுதான். அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவ வேண்டும். பால் விஷயத்தில் லேபிள் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

மலையில் இன்னொரு சங்கடம். பனியிலும் தூறலிலும் நனைந்த மாட்டின் மேல் அடித்தால், முடியில் ஏற்கெனவே இருக்கும் நீர் மருந்தை நீர்த்துப்போகச் செய்துவிடும். பனி விலகி முடி காய்ந்த பின் அடியுங்கள். அன்று மதியம் மழை வரும் போலிருந்தால் தள்ளிப்போடுங்கள். சமவெளியில் சித்திரை வெயில் உச்சியில் அடிக்காதீர்கள். காலையிலோ சாயங்காலமோ, மாட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டிய பிறகு அடித்தால், தாகத்தில் உடம்பை நக்காது.

அறிகுறி 2: உடம்பெங்கும் பரவலாக உண்ணி மிச்சம்

முதல் சந்தேகம் அளவின் மேல் இருக்கட்டும். அமிட்ராஸ் 12.5% ஈ.சி. (தண்ணீரில் கலந்தால் பால்போல் ஆகும் அடர் மருந்து) என்றால் உண்ணிக்கு லிட்டருக்கு 2 மி.லி. கணக்குப் போட்டால் கலவையில் 0.025% மருந்து இருக்கும். டெல்டாமெத்ரின் 1.25% ஈ.சி.க்கும் பொதுவாக லிட்டருக்கு 2 மி.லி.தான். லேபிளில் வேறு அளவு இருந்தால் லேபிள்படியே செய்யுங்கள்.

தவறு நடப்பது வாளியில். 15 மி.லி. புட்டி ஒன்றை 15 லிட்டர் வாளியில் கவிழ்த்துவிட்டால் லிட்டருக்கு 1 மி.லி., அதாவது பாதி அளவு. அந்தப் புட்டிக்கு ஏழரை லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. மூடியால் அளப்பதை விட்டுவிட்டு ஊசி இல்லாத சிரிஞ்சால் அளங்கள். பாதி அளவில் அடிப்பது வெறும் வீண்செலவோடு நிற்காது. பலவீனமான உண்ணி செத்து, கொஞ்சம் தாங்கும் உண்ணி பிழைத்து முட்டையிடும். எதிர்ப்பு உருவாவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

அளவு சரி என்றால் தண்ணீரைப் பாருங்கள். சேலத்தில் பல இடங்களில், மேக்னசைட் வெட்டும் சுண்ணாம்புக் கரட்டுப் பக்கம் உட்பட, போர் தண்ணீர் கடினம். நல்ல கலவை பால்போல் ஒரே சீராக வெளுத்து நிற்கும். ஐந்து நிமிடத்தில் மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, தயிர் திரிந்தாற்போல் துணுக்குகள் தெரிந்தாலோ அது கலக்கவில்லை. வாளியின் மேல்பாதியில் மருந்தும் அடியில் வெறும் தண்ணீருமாக அடித்திருப்பீர்கள். மழைநீரோ குடிதண்ணீரோ பிடித்துக் கலக்குங்கள். மருந்தை முதலில் அரை லிட்டரில் நன்றாகக் கலக்கி, பிறகு மீதித் தண்ணீரைச் சேர்ப்பது நல்லது.

மலையில் இதற்கு நேர்மாறான பிரச்சினை வரலாம். அமிட்ராஸ் புளிப்பான தண்ணீரில் சீக்கிரம் சிதையும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். (புளிப்புக் கணக்கு; 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு) 5 உள்ள நீரில் சுமார் 2 மணி நேரத்தில் பாதி மருந்து போய்விடும். பி.எச். 7-ல் பாதியாக ஏறக்குறைய 22 மணி நேரம் பிடிக்கும். ஊற்றுத் தண்ணீரோ ஓடைத் தண்ணீரோ எடுப்பவர்கள் ஒருமுறை பி.எச். தாளில் தோய்த்துப் பார்த்துவிடுங்கள். நிறம் 6-க்குக் கீழே காட்டினால் கலந்த அரை மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். காலையில் கலக்கிச் சாயங்காலம் அடிப்பது எந்தத் தண்ணீரிலும் கூடாது. பைரித்ராய்டு வகைக்கு இது தலைகீழ். அது கெடுவது காரத்தன்மையுள்ள நீரில், அதுவும் மெதுவாகத்தான். ஆகவே இரண்டு மருந்தையும் ஒரே வாளியில் கலக்காதீர்கள்.

தெளிப்பானையும் கவனியுங்கள். காப்பிக்குக் களைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ அடித்த 16 லிட்டர் தோள் தெளிப்பானை மாட்டுக்கு எடுக்கவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் குழாயில் மிச்சம் இருக்கும். மாட்டுக்கென்று ஒரு சிறிய கைத்தெளிப்பான் தனியாக இருக்கட்டும்.

அறிகுறி 3: அடித்த ஒரு வாரத்தில் மறுபடி உண்ணி

இங்கேதான் அதிகம் பேர் "மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டது" என்று தவறாக முடிவு கட்டுகிறார்கள். உண்ணியின் பருமனைப் பாருங்கள், அதுவே பதில் சொல்லும்.

நம் மாடுகளில் அதிகம் காண்பது ரிப்பிசெபாலஸ் மைக்ரோப்ளஸ் என்ற இனம். பொடி உண்ணியாக ஏறி, பருத்துக் கீழே விழும்வரை ஒரே மாட்டில் ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். அடித்த ஏழாம் நாளில் ஆமணக்கு விதை போலப் பருத்த பெட்டை உண்ணி கண்ணில் பட்டால், அது அடிப்பதற்கு முன்பே மாட்டின் மேல் இருந்தது. மருந்தைத் தாண்டிப் பிழைத்திருக்கிறது. அறிகுறி 2-ஐச் சரிபார்த்துவிட்டு அறிகுறி 4-க்குப் போங்கள். ஏழாம் நாளில் தெரிவது கடுகளவும் இல்லாத பொடி மட்டும் என்றால் அது புதிதாக ஏறியது. மருந்தின் மேல் குற்றமில்லை, மேய்ச்சல் நிலத்தில்தான் குற்றம்.

ஒரு விலக்கு உண்டு. கால்களில் வெள்ளை வளையம் போட்டாற்போல் பட்டையும், நீண்ட வாயும் கொண்ட பெரிய உண்ணி ஹயலோமா இனம். இது வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் மாட்டை விட்டு இறங்கி, கொட்டகைச் சுவர் வெடிப்பிலும் கல் இடுக்கிலும் தங்கி, வளர்ந்த நிலையில் மறுபடி ஏறும். ஆகவே ஏழாம் நாளில் பருத்து நின்றாலும் அது புது வரவாக இருக்கலாம். இந்த வகை என்றால் மாட்டை மட்டும் அடித்துப் பயனில்லை. சுவர் வெடிப்புகளைச் சிமென்ட் வைத்துப் பூசுங்கள். மாட்டை வெளியே கட்டிவிட்டு, தீவனத் தொட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடி, இடுக்குகளில் டெல்டாமெத்ரின் அடியுங்கள். சுவர் காய்ந்த பிறகு மாட்டை உள்ளே விடலாம்.

நிலத்திலிருந்து ஏறும் பொடிக்கு நாள் கணக்குதான் வைத்தியம். விழுந்த ஒரு பெட்டை இரண்டாயிரம் மூன்றாயிரம் முட்டையிட்டுச் செத்துப்போகும். பொரித்த குஞ்சுகள் புல் நுனியில் கொத்தாக ஏறி நிற்கும். குனிந்து பார்த்தால் செம்பழுப்புத் தூள் அப்பியது போலிருக்கும். மெதுவாக ஊதினால் அந்தத் தூள் அசையும், ஒவ்வொன்றும் முன்னங்காலைத் தூக்கி ஆட்டும். அந்த முன்னங்காலில்தான் மூச்சுக்காற்றின் கரியமில வாயுவையும் சூட்டையும் மோப்பம் பிடிக்கும் உறுப்பு இருக்கிறது. மலையின் ஈரத்திலும் நிழலிலும், சில்வர் ஓக் அடியிலும் உண்ணிச்செடிப் புதரிலும், இவை உணவில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சமவெளியின் கோடை வெயிலில் அவ்வளவு காலம் தாங்காது.

அமிட்ராஸின் காவல் சில நாட்களுக்குத்தான். பிறகு ஏறும் பொடி பருத்து விழ மூன்று வாரம் ஆகும் என்பதால், 18 நாளுக்கு மேல் 20 நாளுக்குள் அடுத்த முறை அடித்துவிட்டால் எந்தப் பெட்டையும் முட்டையிடும் நிலையை எட்டாது. மழைப் பருவத் தொடக்கத்தில் இப்படி நான்கைந்து முறை விடாமல் அடித்தால் நிலத்தில் உள்ள கையிருப்பு குறையும். வீட்டில் ஒரு மாட்டுக்கு அடித்துவிட்டுக் கன்றை விட்டுவிட்டால் கணக்கு கெட்டது. பக்கத்து வீட்டு மாடும் அதே கரட்டில் மேய்கிறதென்றால் இருவரும் ஒரே நாளில் அடிப்பது நல்லது.

அறிகுறி 4: அளவு, தண்ணீர், தெளிப்பு எல்லாம் சரி, போன வருடம் வேலை செய்த மருந்து இப்போது செய்யவில்லை

இப்போது எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு மாதமாக மருந்து அடிக்காத மாட்டிலிருந்து விடியற்காலையில் பருத்த உண்ணி இருபது பொறுக்குங்கள். மைக்ரோப்ளஸ் இனம் இரவில் வயிறு முட்டக் குடித்து விடியலில்தான் விழும், அப்போது சுலபமாகக் கிடைக்கும். கையுறை போட்டு, இழுக்காமல் லேசாகத் திருகி எடுங்கள். வாய் முறிந்த உண்ணி சோதனைக்கு உதவாது.

பத்து உண்ணியை, மாட்டுக்கு அடிக்கும் அதே அளவில் கலந்த மருந்தில் இரண்டு நிமிடம் முக்குங்கள். மற்ற பத்தை வெறும் தண்ணீரில் அதே நேரம் முக்குங்கள். காகிதத்தில் ஒற்றியெடுத்து இரண்டு டப்பாக்களில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, பெயரெழுதி, வெயில் படாத சூடான மூலையில் வையுங்கள். மலைவீடுகளில் மார்கழிக் குளிரில் முட்டையிடத் தாமதமாகும், அடுப்பங்கரை நல்ல இடம், ஆனால் குழந்தைகளுக்கு எட்டக்கூடாது. 14 நாள் கழித்துப் பாருங்கள். தண்ணீர் டப்பாவில் பளபளப்பான பழுப்பு முட்டைக் குவியல் இருக்கும். மருந்து டப்பாவில் முட்டையே இல்லை, அல்லது கொஞ்சம் மட்டும் காய்ந்து சுருங்கிக் கிடக்கிறது என்றால் மருந்து வேலை செய்கிறது, கோளாறு தெளிப்பில்தான். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் உங்கள் உண்ணிக்கு அந்த மருந்து இனி வேண்டாம். உண்ணி உயிரோடு நகர்கிறதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமிட்ராஸ் மெதுவாகக் கொல்லும், முட்டையைத்தான் முதலில் நிறுத்தும். முடிந்ததும் இரண்டு டப்பாவிலும் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். ஐவர்மெக்டின் ஊசி மருந்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அது இரத்தத்தின் வழியாகத்தான் உண்ணிக்குள் போக வேண்டும்.

பைரித்ராய்டு தோற்ற இடத்தில் என்ன நடந்திருக்கிறது? சோடியம் வாயில் ஆயிரக்கணக்கான அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். அதில் ஒரேயொரு இடத்தில் பினைல்அலனின் போய் ஐசோலியூசின் வந்துவிட்டாலே பைரித்ராய்டு அங்கே சரியாக உட்கார முடியாது. நரம்பு மட்டும் வழக்கம்போல் வேலை செய்யும். மெக்சிகோ நாட்டு உண்ணிகளில் இந்த மாற்றம் 1999-ல் கண்டறியப்பட்டது. வேறு இடங்களில் வேறு அமினோ அமிலங்கள் மாறியும் அதே விளைவு வந்திருக்கிறது. பழைய பூச்சிக்கொல்லியான டி.டி.டி.யும் பிடிப்பது இதே வாயிலைத்தான். ஆகவே டெல்டாமெத்ரின் தோற்ற இடத்தில் சைபர்மெத்ரின் வாங்குவதும், முதுகில் ஊற்றும் விலை கூடிய ஃப்ளூமெத்ரின் மருந்து வாங்குவதும் பணத்துக்குக் கேடு. மூன்றுக்கும் வாயில் ஒன்றே.

அளவைக் கூட்டுவதும் தீர்வு ஆகாது. உண்ணி தாங்கும், மாடு தாங்காது.

மாற்ற வேண்டியது மருந்து பிடிக்கும் இடத்தை. பைரித்ராய்டு தோற்றால் அமிட்ராஸ், அதாவது ஆக்டோபமைன் ஏற்பி. அமிட்ராஸுக்கும் எதிர்ப்பு உண்டு. ஆஸ்திரேலியாவில் 1980-களின் தொடக்கத்திலேயே தலைகாட்டிவிட்டது. பின்னாளில் ஆக்டோபமைன் ஏற்பியின் மரபணுவிலேயே மாற்றங்கள் கண்டறியப்பட்டன. ஆகவே மாறிய மருந்தையும் இதே டப்பாச் சோதனையில் பார்த்துவிட்டு வாங்குங்கள். முறைக்கு ஒரு மருந்தாக மாற்றி மாற்றி அடிக்காமல், ஒரு பருவம் முழுக்க ஒரே வகையை முழு அளவில் அடித்துவிட்டு அடுத்த பருவம் வகையை மாற்றுங்கள்.

அறிகுறி 5: உண்ணி கீழே விழுகிறது, ஆனால் உயிரோடு நகர்கிறது

அமிட்ராஸ் அடித்திருந்தால் இது கோளாறே இல்லை. ஆக்டோபமைன் ஏற்பி தூண்டப்பட்டதால் கடியை விட்டு இறங்கியிருக்கிறது. விழுந்ததைக் கூட்டியெடுத்துக் கொதிநீரில் போடுங்கள். சாணக்குழியில் போட்டால் பிழைத்ததில் ஒன்றிரண்டு முட்டையிடலாம்.

டெல்டாமெத்ரின் அடித்து, விழுந்த உண்ணி ஒரு மணி நேரம் துடித்துவிட்டு மறுநாள் சாதாரணமாக நடந்தால் அது கெட்ட சேதி. டப்பாச் சோதனை செய்யுங்கள்.

அறிகுறி 6: ஐவர்மெக்டின் ஊசி போட்டும் மூன்றாம் நாள் உண்ணி இருக்கிறது

பொறுங்கள். இரத்தத்தில் ஏறி, உண்ணி குடித்து, தளர்ந்து விழப் பல நாள் ஆகும். ஊசி போடும்போதே பருத்திருந்தவை இயல்பாக விழும். ஒரு வாரம் தாண்டியும் நிலைமை மாறவில்லை என்றால் எடைக் கணக்கைப் பாருங்கள். 1% ஊசி 50 கிலோவுக்கு 1 மி.லி., தோலுக்கு அடியில். கண்ணால் எடை மதிப்பிட்டால் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வோம். அளவு நாடா இருந்தால் போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு அங்குலத்தில், அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பு வரையான நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 64, நீளம் 54 என்றால் ஏறக்குறைய 335 கிலோ, மருந்து 6.7 மி.லி.

சொசைட்டிக்கோ வீட்டுக்கோ பால் கறக்கும் மாட்டுக்கு இந்த ஊசி கூடாது. மருந்து பாலில் வரும். சாணத்திலும் வரும், சாணவண்டுகள் சாகும். ஆகவே கிடேரிக்கும் வறண்ட மாட்டுக்கும் மட்டும், டாக்டர் சொன்னால் போடுங்கள்.

அறிகுறி 7: உண்ணி போச்சு, மாடு துவண்டுவிட்டது

உண்ணி நரம்பில் மருந்து பிடிக்கும் இடத்தின் நெருங்கிய உறவு மாட்டிடமும் உண்டு, அதனால்தான் இது நடக்கிறது. அமிட்ராஸ் அளவு கூடினால் மாட்டின் நார்அட்ரினலினுக்கான ஆல்பா-2 ஏற்பியையும் தூண்டும்: தூங்கி வழியும், தலை தொங்கும், நாடி குறையும், வயிறு அசையாது. முதலில் ஏராளமான தண்ணீரில் உடம்பைக் கழுவி, நிழலில் கட்டி, டாக்டரை அழையுங்கள். யோகிம்பின், அடிபமசோல் போன்ற விஷமுறிவு மருந்துகள் இருக்கின்றன. குதிரைக்கு அமிட்ராஸ் எந்த அளவிலும் அடிக்காதீர்கள், குடல் அசைவு நின்று சாகவும் கூடும். அடிக்கிறவரும் கையுறை போட வேண்டும். இந்த மருந்து உடம்பில் ஏறினால் மனிதருக்கும் மயக்கம் வரும், இரத்தச் சர்க்கரை ஏறும்.

எச்சில் ஒழுகி, தசை துடித்து, கண்மணி சுருங்கி, மூச்சு இரைத்தால் ஆர்கனோபாஸ்பேட் விஷம். காப்பித் தண்டுத் துளைப்பானுக்கு வாங்கிய குளோர்பைரிபாஸை மாட்டுக்கு அடித்தால் இதுதான் வரும். அட்ரோபின் ஊசி உடனே வேண்டும். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. எந்தப் புட்டி என்பதை டாக்டரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 8: உண்ணி குறைந்துவிட்டது, ஆனால் காய்ச்சல், காப்பி நிற மூத்திரம்

இதில் உண்ணி மருந்துக்கு இனி வேலை இல்லை. உண்ணி ஏற்கெனவே இரத்தத்தில் நோயை விட்டுப்போயிருக்கிறது. காப்பி நிற மூத்திரம் பபீசியா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயைக் காட்டும். கழுத்து, தோள் முன்னால் நெறி கட்டியிருந்தால் தைலேரியா என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய் சந்தேகம். காது நுனியில் எடுத்த இரத்தப் பூச்சு நுண்ணோக்கியில் பார்க்கப்பட வேண்டும். மருந்து கொடுப்பதற்கு முன்னால் இரத்தம் எடுப்பது முக்கியம். தலைவாசலிலோ நாமக்கல்லிலோ உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மாதிரி அனுப்பும் வழியை உள்ளூர் டாக்டர் சொல்வார்.

ஆட்டுக்கு

மேச்சேரி ஆட்டுக்கு ரோமம் குறைவு, மருந்து தோல்வரை எளிதில் படும். சேலம் கருப்பு வெள்ளாட்டில் காது மடலும் குளம்பு இடுக்கும் தவறிப்போகும் இடங்கள். மாட்டுக்கான கலவை அளவு லேபிளில் ஆட்டுக்கும் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பால் குடிக்கும் குட்டிகளுக்கு மருந்து வேண்டாம், கையால் பொறுக்குங்கள். தாய்க்கு அடித்தால் முடி முழுக்கக் காய்ந்த பின்னரே குட்டியை ஊட்ட விடுங்கள்.

மீந்த கலவையை ஓடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். டெல்டாமெத்ரினின் மிகக் குறைந்த அளவே மீனைக் கொல்லும், மலையில் வாளியைக் கழுவிய தண்ணீர் திருமணிமுத்தாற்றின் வழியாகச் சேலத்துக்கு இறங்கும். தண்ணீர் ஊறாத மேட்டில் முழங்கால் ஆழக் குழி வெட்டி, அதில் ஊற்றி மண் மூடுங்கள். காலிப் புட்டியைத் துளையிட்டுத் தனியே வையுங்கள். பால் கொண்டுபோகவோ எண்ணெய் ஊற்றவோ யாரும் எடுத்துவிடக் கூடாது.